ரிவர்ஸ் எடுத்த ராக்கெட் லாரி

அவள் பல் செட் செய்கிறவள். வாரமெல்லாம் ஊரார் வாய்க்குப் பல் ராவுவாள்; ஞாயிறு வந்தால் அதே அரத்தால் உள்ளங்கை அளவில் போர் வண்டி செய்வாள். சைக்கிள் கடை மாடியில் நாலு பேர் கூடி, மேசைமேல் மேடும் காடும் பரப்பி, பகடை உருட்டிப் பழைய யுத்தங்களை மறுபடி நடத்துவார்கள். பொம்பளைக்கு எதற்கு இந்தப் பொம்மைச் சண்டை என்று சொந்தக்காரர்கள் கேட்காத நாளில்லை. கேட்கட்டுமே! அவள் கவலை வேறு.

வீட்டுக்காரர் லாரி டிரைவர். மழைக்காலத்தில் ஒரு குடோன் வாசலில் ரிவர்ஸ் எடுத்தபோது, பின்னால் நின்று வழி சொன்ன கிளீனரின் கால் சுவரோடு நசுங்கிவிட்டது. கிளீனர் தேறி வேலைக்கே திரும்பிவிட்டார். இவர்தான் தேறவில்லை. ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேன் என்கிறார். நாளைக்கும் வராவிட்டால் வேறு ஆள் பார்க்கப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். மனுஷன் இப்படிச் சுவரை வெறித்தே காலத்தைக் கழித்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயம்.

ஆட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று ஒரு புளுகு புளுகி அவரை இழுத்துப் போனாள். பல்லுக்குப் போடும் கம்பியை வளைத்துச் சட்டம் அமைத்துத் தான் செய்த ராக்கெட் லாரிப் பொம்மையை அவர் கையில் கொடுத்தாள்.

"யுத்தத்துல சாதாரண லாரி முதுகுலதான் இந்த ராக்கெட்டையெல்லாம் ஏத்தினாங்க, தம்பி," என்றார் சைக்கிள் கடைக்காரர். "எல்லா ராக்கெட்டும் மளமளன்னு போயிடும். குறி அப்படி இப்படித்தான். ஆனா கிளம்புற புகை, நாம இருக்கற இடத்தைக் காட்டிக் குடுத்துடும். எதிரி பீரங்கி திரும்பறதுக்குள்ள ஓடிடணும்."

பகடை நன்றாக விழுந்தது. எதிரிப் படையில் பாதி காலி. இனி ஓட வேண்டும். லாரி நிற்பதோ ஒடுங்கிய மேட்டுப் பாதையில்.

"தூக்கித் திருப்பி வைங்க, ரூல்ல இடமிருக்கு," என்றார் கடைக்காரர்.

டிரைவருக்கு வந்ததே கோபம்! "நின்ன இடத்துல சுத்த இது என்ன பம்பரமா? லோடு வண்டிங்க! ரிவர்ஸ்தான் எடுக்கணும்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. அவள் ஒன்றும் நடக்காதது போல மேசையின் அந்தக் கோடிக்குப் போய்க் குனிந்தாள்.

"வரலாம், வரலாம். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடிங்க."

வியர்த்த விரலால் அவர் லாரியைப் பின்னால் தள்ளினார். அது ஆமையாய் ஊர்வதற்குள் எதிரி பீரங்கி சுட்டுவிட்டது. லாரியும் போச்சு, ஆட்டமும் போச்சு.

"உங்களை வெச்சு யுத்தம் பண்ணினா உருப்பட்டாப்லதான்!" என்று கடைக்காரர் சிரிக்க, டிரைவரும் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கீழே இறங்கினால், சந்துப் பாதையை அடைத்துக்கொண்டு கடைக்காரரின் டெம்போ. எதிரே தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தது. டிரைவர் டெம்போவின் பின்பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "சாவியக் குடுங்கண்ணே," என்றார்.

ஏறி உட்கார்ந்தவர் தலையை வெளியே நீட்டினார். "நீ ஓரமாப் போய் நில்லு."

அவள் கேட்கவில்லை. கிளீனர் அன்று நின்றதுபோல் டெம்போவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"சொன்னா கேளேன்! எனக்குப் பயமா இருக்கு."

"எனக்குந்தான். கண்ணாடியில நான் தெரியறேனா?"

"தெரியற."

"அப்ப வாங்க."

டெம்போ மெல்ல மெல்லப் பின்னால் வந்தது. அவள் கையைத் தூக்கியதும் நின்றது. அவர் இறங்கவில்லை, உட்கார்ந்தபடியே போனை எடுத்தார்.

"மொதலாளி, வேற ஆள் பாக்காதீங்க. காலைல நானே வந்துடறேன்."