கிளாரினெட்டும் வலது கண்ணும்

காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது ஓரமாக வழிந்து சட்டையை நனைத்தது. கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். பாதி முகம்தான் சிரித்தது.

காரைக்கால் கோவில்பத்தில் இருக்கிறேன். மின்சாரச் சாமான் கடையில் வேலை. கல்யாணம், சாமி ஊர்வலம் என்றால் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பேன். நான்கு பேர் முன்னால் பேசக் கூச்சப்படும் எனக்கு அதுதான் வாய்.

பக்கவாதமோ என்று பயந்து என் மனைவி உடனே மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். மருத்துவர் புருவத்தை உயர்த்தச் சொன்னார். வலது புருவம் அசையவில்லை. கை கால்களையும் சோதித்துவிட்டு, "இது முகவாதங்க" என்றார் (முகத் தசைகளை இயக்கும் நரம்பு வீங்கி ஒரு பக்கம் செயலற்றுப்போவது). உங்களுக்கு இப்படி நேர்ந்தால் நீங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

வீக்கத்துக்கு மாத்திரை, மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்து. எல்லாம் கேட்டுக்கொண்டேன். "மறுபடி வாசிக்க முடியுங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"பெரும்பாலும் சரியாயிடும். அவசரப்படுத்தாதீங்க."

உதட்டில் அசைவு வந்த பிறகு மெதுவாக ஊதத் தொடங்கினேன். காற்று ஓரமாகக் கசிந்தது. மனைவி என் உதட்டோரத்தை விரலால் பிடித்துக்கொள்வாள். "பைப்பு ஒழுகுனாக்கூட இவ்வளவு நேரம் பிடிச்சதில்லங்க" என்பாள்.

சிறு வயதில் கற்றபோது வாசிப்பு எப்போது எளிதானது என்று எனக்குத் தெரியாது. இந்த முறை தினமும் உதட்டைக் கவனித்தேன். கவனிக்கக் கவனிக்க அது விறைத்தது.

மாதங்கள் போய் ஒரு கல்யாண ஊர்வலத்தில் நின்றபோது வேறொரு வேடிக்கை. உதட்டைக் குவித்தால் வலது கண் மூடியது. நரம்பு வளரும்போது இணைப்பு மாறிவிட்டதாம். எங்கள் கடை மொழியில், ஒரு சுவிட்சுக்கு இரண்டு பல்பு.

டிரம் வாசிக்கும் மைத்துனன் செல்வம் விடுவானா? "அத்தான், பொண்ணு வீட்டுக்காரங்களப் பாத்துக் கண்ணடிக்கிறீங்களாம். மாப்பிள்ளையே மொறைக்கிறாரு."

"என்னப் பாத்து ஒருநாளும் அடிச்சதில்ல" என்றாள் அவன் அக்கா.

வெட்கத்தில் வாசிப்பதையே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அம்பகரத்தூர் அம்மன் ஊர்வலத்துக்குச் செல்வம் என்னை இழுத்துப்போனான். தெரு முனையில் திரும்பும்போது, வீட்டில் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று உறைத்தது. பாட்டு முடியப்போகிறது. உதட்டின் நினைவே எனக்கு வரவில்லை. கூட்டத்தில் மனைவி நின்றாள். அவளைப் பார்த்தேன். கண் மூடியது.

வீடு திரும்பினால் தொட்டி நிரம்பி வாசலெல்லாம் தண்ணீர். மோட்டாரை நிறுத்தியபடியே மனைவி கேட்டாள்: "ஏங்க, அங்க கண்ணு தானா மூடிச்சா, நீங்களா அடிச்சீங்களா?"

"தெரியலையே" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். முகம் இரண்டு பக்கமும் சிரித்ததா என்று கண்ணாடியில் பார்க்க மறந்துவிட்டேன்.