லலிதாக்கா தடுத்த சத்தியம்

புனே ஹடப்சர் காய்கறிச் சந்தையில் கொத்தமல்லிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது லலிதாக்காவின் மகன் போன் செய்தான். தமிழ் அவனுக்குத் தடுமாறித்தான் வரும். "ஆன்ட்டி, அம்மா போயிட்டா. காலையில, தூக்கத்துலயே" என்றான். பிறகு இந்தியில் ஏதோ ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திக்கொண்டான். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "செல்விக்குச் சொல்லிட்டியாப்பா?"

செல்வி யாரென்று நம் அம்மன் கோயிலுக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல இருக்கப் பழகிக்கொண்டவர்களும் உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

லலிதாக்கா வக்கீல். வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்குக் கறுப்புக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வருவார். சுருதி சேராத குரல். ஆனால் எல்லோருக்கும் முன்னால் அவர்தான் பாட ஆரம்பிப்பார். கொஞ்சம் மெதுவாகப் பாடக்கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். "அம்மனுக்குப் பழகிப்போச்சு. உனக்குத்தான் இன்னும் பழகலை" என்றார்.

செல்வி வந்த அன்று ஆடி வெள்ளி. காலையில் பூஜை நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பெண் வாசல்படியில் வந்து விழுந்தாள். உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, காலில் செருப்பில்லை. உசிலம்பட்டிப் பக்கம், பெயர் செல்வி, பின்தெருவில் முறுக்குப் போடுகிற ஷெட்டில் வேலை என்றாள். எண்ணெய் டின் இறக்க டெம்போ வந்து கதவைத் திறந்த நேரத்தில் நழுவி, மைக்கில் கேட்ட தமிழ்ப் பாட்டைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்திருக்கிறாள். "பூட்டித்தான் வைப்பாக. முன்பணம் கழியுற வரைக்கும் ஊருக்குப் போகக்கூடாதாம். எம்பொண்ணு காய்ச்சல்ல கெடக்குதுக்கா, நான் போவணும்" என்று அழுதாள்.

அந்த ஷெட்டின் முதலாளியை எனக்கு நன்றாகத் தெரியும். கோயில் வரவு செலவு எழுதுகிறவள் நான். மாதம் தவறாமல் வருகிற நன்கொடை அவருடையது. நவராத்திரிக்கு நாம் தின்ற முறுக்கும் அந்த ஷெட்டில் சுட்டதுதான்.

அவர் பின்னாலேயே வந்துவிட்டார். கோபப்படவில்லை, கை கூப்பினார். "நம்ம ஊர்ப் புள்ள, ஏதோ கோவிச்சுக்கிட்டு வந்திருச்சு. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். செயலாளருக்கு நிம்மதி. தமிழர்களுக்குள் நடந்ததை மராட்டிப் போலீஸ் வரை கொண்டுபோக வேண்டாம், அம்மன் முன்னாலேயே முடித்துவிடலாம் என்றார். மிச்ச வேலையை முடிக்காமல் ஓடமாட்டேன் என்று செல்வி சூடம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும். மகளைப் பார்க்க அவர் நாலு நாள் லீவு தரட்டும். கேட்டவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது. தட்டில் சூடத்தையும் ஏற்றிவிட்டார்கள்.

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து ஒரு சொல் கொடுத்தால் செல்வி போன்ற ஒருத்தி சாகும்வரை மீறமாட்டாள். அது முதலாளிக்கும் தெரியும். "சத்தியம் பண்ணிட்டு மீறினா எம்புள்ளயப் பிடிக்குமே" என்று முனகிக்கொண்டே செல்வி கையை நீட்டினாள்.

லலிதாக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வக்கீலம்மா, இது கோயில், கோர்ட் இல்லை" என்றார் செயலாளர்.

"கோர்ட் இல்லேன்னா தீர்ப்பு மட்டும் எப்படிச் சொல்றீங்க?"

பிறகு முதலாளியிடம் திரும்பினார். "முன்பணத்தைக் காட்டி ஆளை அடைச்சு வைக்கிறது குற்றம். அந்தக் கடனே சட்டத்துல செல்லாது. சத்தியந்தான் வேணும்னா நீங்க பண்ணுங்க. ஷெட்டுக் கதவை வெளியில பூட்டினதே இல்லேன்னு சொல்லி அணைங்க."

முதலாளி சூடத்தைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார். சூடம் தானாக எரிந்து அடங்கியது. அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

உள்ளே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களை இடம் மாற்றத்தான் போன் என்று லலிதாக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. "இவளை விட்டு நகராதே" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டே ஆட்டோவில் ஏறினார். கலெக்டர் ஆபீசுக்குப் போனில் பேசியபடியே போய், ஷெட் கேட்டுக்குக் குறுக்கே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மழை கொட்டியது. டெம்போக்காரன் ஹாரன் அடித்தான், திட்டினான். "என் மேல ஏத்திட்டுப் போ அண்ணா" என்று மராட்டியில் சொன்னாராம். தாசில்தாரும் போலீசும் வரும்வரை எழுந்திருக்கவில்லை. கோயிலுக்குள் செல்வி என் முந்தானையை விடவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளை இன்னும் உள்ளே தள்ளி உட்காரவைத்தேன். மாலையில்தான் செய்தி வந்தது. உள்ளே இருந்த எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். வெளிச்சம் பட்டதும் பலர் கண்ணை மூடிக்கொண்டார்களாம். கொத்தடிமை விடுதலைச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு செல்வி ஊருக்கு ரயிலேறினாள்.

அடுத்த வெள்ளி லலிதாக்காவுக்கு இருபுறமும் இடம் காலியாக இருந்தது. நன்கொடை நின்றுபோன ஆத்திரம். அவர் வழக்கம்போல உரக்கப் பாடினார். நான் என் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் மனதை அரித்த கேள்வியை அன்று கேட்டேவிட்டேன்: "அவர் பொய்யா சூடத்தை அணைச்சிருந்தா என்னக்கா பண்ணியிருப்பீங்க?"

"அப்பவும் ஷெட் கேட்டுல போய்த்தான் உட்கார்ந்திருப்பேன். பொய்ச் சத்தியத்தை அம்மன் பார்த்துப்பா. பூட்டை நாமதான் திறக்கணும்."

தினமும் அம்மனிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்கிறவள் நான். அந்தப் பதில் எனக்குச் சட்டென்று செரிக்கவில்லை. இன்று அதைச் சொல்லித்தான் விளக்கேற்றுகிறேன்.

வழக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த மாதம் செல்வி வந்து சாட்சி சொல்ல வேண்டும். வழக்கை நடத்துவது அரசு வக்கீல்தான். ஆனால் அவளுக்குத் தைரியம் லலிதாக்காதான். நேற்று போனில் வெகுநேரம் அழுதாள். முதலாளியின் ஆட்கள் ஊரிலேயே வந்து பேசுகிறார்களாம். "அக்காவே இல்லையே, நான் வரணுமாக்கா?"

'வந்தே ஆகணும், அம்மன் மேல ஆணை' என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். பயந்து கிடப்பவளிடம் ஆணை கேட்கக்கூடாது. லலிதாக்காவிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது இதுதான். "நீ யோசிச்சுச் சொல்லு. ஊர்ல மிரட்டுறதை முதல்ல எழுதிக் கொடுப்போம். வந்தா ஸ்டேஷன்ல நான் நிக்கிறேன், கோர்ட்டுக்குள்ளயும் உன்கூட வர்றேன். வரலேன்னாலும் நீ எனக்கு வேண்டியவதான்" என்றேன்.

செல்வி கேட்டாள்: "கோர்ட்ல தமிழ்லயே சொல்லலாமாக்கா?"

"சொல்லலாம்" என்றேன்.