முருகன் படத்துக்குப் பின்னால்

செத்துப்போன டாக்டர் ஒருவர் அடுகோடி வட்டாரத்தில் இன்னும் மருந்து எழுதிக்கொண்டிருக்கிறார் என்று ஒரு பேச்சு. இந்த ஊரில் உயிரோடிருப்பவரைப் பார்க்கவே டோக்கன் கிடைப்பதில்லை; விசாரிக்கப் போனேன்.

பேச்சு பாதி நிஜம். லேத் பட்டறை முனிகிருஷ்ணன் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். ஒரு பக்கம் டாக்டர் கோவிந்தராஜனின் மருந்துச்சீட்டு, மறுபக்கம் முருகன், சேர்த்து லேமினேஷன். ரத்தக்கொதிப்புக்கு பீட்டா பிளாக்கர், தினம் ஒன்று. டாக்டர் போய் நாலு வருஷம். மருந்துக்கடைக்காரர் மட்டும் முருகனுக்கு மரியாதை கொடுத்து மாத்திரை தந்துவந்தார்.

போன வாரம் கடை கைமாறியது. புதியவர், "ஹொஸ சீட்டு பேக்கு, புதுசு எழுதி வாங்கினு வாங்க" என்றுவிட்டார். மீதி நாலு மாத்திரை.

"திடீர்னு நிறுத்தினா நெஞ்சு எகிறும்னு டாக்டர் சொன்னாரு சார். இப்பவே மிஷினை நிறுத்தினாலும் உள்ள ஓடுது."

கூடவே அலைந்தேன். முதல் டாக்டர், "ரத்தக்கொதிப்புக்கு இதை இப்ப முதல்ல எழுதறதில்லை" என்று வேறொன்றை எழுதப்போனார். முனிகிருஷ்ணன் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். சிவாஜிநகர் கிளினிக்கில் வரவேற்புப் பெண் சீட்டைப் பார்த்து, "இவரையே பாக்கலாமே அங்கிள்?" என்றாள்.

"பாத்துனுதாம்மா கீறேன். டெய்லி ஷேவ் பண்றப்ப கண்ணாடில என் பின்னாடி வந்து நிக்கிறாரு."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

கடைசி மாத்திரை நாளில் டாக்டர் வீணா கிடைத்தார். வெகுநேரம் நாடியைப் பிடித்திருந்தார்.

"நாற்பத்தெட்டுதான் இருக்கு, ரொம்பக் கம்மி. எத்தனை வருஷமா இதே அளவு?"

"ஆறு, மேடம்."

"நடுவுல யாருமே பாக்கலையா?"

"அதான் சீட்டு கீதே!"

ஈசிஜி எடுத்தார். ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்று அதே மாத்திரையை அளவு குறைத்து எழுதினார். "எதுக்காக ஆரம்பிச்சாரோ, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கானு பாப்போம்" என்றபடி கத்தரியால் அட்டையின் ஓரத்தை வெட்டினார். முருகன் உரிந்து வந்தார். சீட்டின் முதுகில் அதே கையெழுத்து:

'மூணு மாசத்துல ஈசிஜி எடுத்துனு கட்டாயம் வா. பார்த்துதான் அளவைக் குறைக்கணும்.'

"பத்திரமா இருக்கட்டும்னு அன்னிக்கே லேமினேஷன் போட்டுட்டேனே மேடம்…"

அதன்பிறகு இரண்டு வருஷம் டாக்டர் உயிரோடு இருந்திருக்கிறார்.

மாலை, ஈசிஜி தாளைச் சுருட்டிக்கொண்டு முனிகிருஷ்ணன் பழைய கிளினிக்குக்கு நடந்தார். அங்கே இப்போது மோமோ கடை. வாசலில் தாளை விரித்துப் பிடித்து நின்றார்.

"எஷ்டு பிளேட், எத்தனை வேணும்?" என்றான் கடைக்காரன்.

"டாக்டருக்கு இன்னும் காட்டல" என்றார், எனக்குப் பின்னால் யாரையோ பார்த்து.