ஏகாம்பரத்தின் பதினாறு விடைகள்

மூன்று வாரம் ஆகிறது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஏகாம்பரத்தின் மகன் முருகேசன். "சார், அப்பா போயிட்டாரு" என்றான். எப்போது, எப்படி என்றுகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வாயில் நுரையோடு "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். சாவுச் செய்திக்கு இப்படியா பதில் சொல்வது என்று என் மனைவி திட்டினாள். இந்த வருடத்தில் எனக்கு வந்த நான்காவது சாவுச் செய்தி இது. அழுகை வருவதற்கு முன்னால் அலுப்பு வந்துவிடுகிறது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏகாம்பரம் செங்கல்பட்டுத் தொலைபேசி நிலையத்தில் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தவர். திருப்போரூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். குடியிருந்தது திருக்கழுக்குன்றத்தில். நான் அவருக்கு மேலதிகாரி, அதாவது கையெழுத்துப் போடுகிறவன். எங்காவது லைன் கெட்டால் சோதனைப் போனைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து, "கொளவாய் ஏரியாண்ட ஜாயின்ட்ல தண்ணி பூந்துகீது சார்" என்பார். நாங்கள் கருவியை வைத்து அளந்து அதே இடத்துக்குப் போய்ச் சேரும்போது, அவர் மூடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையும் முதலில் பென்சிலால் துண்டுத்தாளில் கிறுக்கிக்கொள்வார். பிறகுதான் பேனாவால் பழுதுச் சீட்டில் எடுத்து எழுதுவார். கிறுக்கிய தாளையும் எறிய மாட்டார், சீட்டின் பின்னால் வைத்துக் குண்டூசி குத்திவிடுவார். எதற்கு இந்தக் குப்பை என்று கேட்டால், "நாளைக்கு எவனாச்சும் கேட்டா இன்னா சொல்றது சார்?" என்பார். எவனும் கேட்டதில்லை.

அவர் மனைவி சரோஜா அம்மாள் மார்கழி பஜனைக் குழுவில் முதல் குரல். பின்னால் நின்று ஜால்ரா போடுவது ஏகாம்பரம். "ஆபீசில் போடாத ஜால்ராவை எல்லாம் வீட்டில் போடுகிறார்" என்று நாங்கள் கேலி செய்வோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு டேப் ரிக்கார்டரைக் கொண்டுபோய் வைத்து, வருடா வருடம் பஜனையைப் பதிவு செய்தார். இருபத்திரண்டு கேசட்டுகள் சேர்ந்தன. அந்த அம்மாள் அடியெடுப்பதற்கு முன் மூச்சிழுப்பது அதில் கேட்கும். இவர் தாளம் தப்பினால், பாட்டை நிறுத்தாமலேயே "ம்ம்" என்று அதட்டுவதும் கேட்கும். சில வருடங்களில் அந்த அம்மாள் காமாலையில் போய்விட்டார். அதன்பிறகு ஏகாம்பரம் வேலைவிட்டு வந்ததும் தினம் ஒரு பக்கம் போட்டுக் கேட்பார். வேறு ஆறுதல் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு ஐப்பசி மழையில் நாலைந்து கேசட்டுகளில் பூஞ்சை பூத்தது. பதறிப்போய் என்னிடம் வந்தார். நான் அப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். எல்லாவற்றையும் அதில் ஏற்றி சிடியில் போட்டுத் தருவதாகச் சொன்னேன். ஆனால் அப்படியே ஏற்ற என் கம்ப்யூட்டரில் இடம் கிடையாது, பத்தில் ஒரு பங்காகச் சுருக்கித்தான் வைக்க வேண்டும்.

"சுருக்கறதுன்னா, எதையாச்சும் தூக்கிப் போட்டுடுமா சார்?"

"காதுக்குக் கேட்காததைத்தான் தூக்கிப் போடும்."

"யார் காதுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. இந்த மாதிரிச் சோதனைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்த சூடு வேறு. எது அசல், எது சுருக்கம் என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுகிறேன், கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்று சவால் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டில் வைத்துக்கொண்டோம். அவரைக் கம்ப்யூட்டருக்கு முதுகு காட்டி உட்கார வைத்துப் பதினாறு முறை போட்டேன். மூன்றாவது முறையே அவர் தலையை ஆட்டினார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் கீது சார். ரெண்டுலயுமே ஜால்ரா சவசவன்னு கீது."

"அப்படியெல்லாம் நழுவக் கூடாது. ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்."

சொன்னார். பதினாறில் ஏழுதான் சரி. பூவா தலையா போட்டிருந்தால்கூட அவ்வளவு வரும் என்று நான் சிரித்தேன். நம் காது கேட்பதில் பாதி கற்பனைதான் என்று அரைமணி நேரம் பிரசங்கமும் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப என் காதுதான் சரியில்ல. நீங்களே போட்டுக் குடுங்க சார்" என்றார்.

எல்லாவற்றையும் சுருக்கி மூன்று சிடிகளில் போட்டுக் கொடுத்தேன். கேசட்டுகளைத் துடைத்து பஜனைக் குழுவிடம் கொடுத்துவிட்டார். அவர்கள் அந்த மார்கழியிலேயே அவற்றின் மேல் புதிதாகப் பதிந்துவிட்டார்கள். ஒன்று மட்டும் திரும்பி வந்தது. அதன் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு உடைந்திருந்ததால் மேலே பதிய முடியவில்லையாம்.

ஒரு வருடம் கழித்து, இடம் போதாமல் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தபோதுதான் பார்த்தேன். சோதனைக்காக நான் வைத்திருந்த 'அசல்' அசலே இல்லை. இரண்டையும் ஒரே மாதிரி போட்டுக் காட்டுவதற்காகச் சுருக்கியதை மறுபடி விரித்து வைத்தபோது, அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதன் மேல் எழுதலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. நான் படிக்காமலேயே 'சரி' என்று தட்டியிருக்கிறேன். அன்று பதினாறு முறையும் அவருக்குப் போட்டுக் காட்டியது சுருக்கத்தையும் அதே சுருக்கத்தையும்தான். ரெண்டும் ஒண்ணு என்று அந்த மனிதர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் சிரித்திருக்கிறேன்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து வருடம் சொல்லவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை. பார்க்கும்போதெல்லாம் "சிடி எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "நல்லாத்தான் கீது சார்" என்பார்.

கடைசியில் அவர் மாமல்லபுரம் நிலையத்துக்கு மாறிப்போன பிறகு, ஒரு நாள் பஸ் ஏறிப் போனேன். கலங்கரை விளக்கத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"அப்ப அன்னிக்கு நான் ஒண்ணுன்னு சொன்னது ரைட்டு."

"ரைட்டு."

"அந்த ஒரு கேசட்டு கீது சார். இன்னொரு தபா வெச்சிப்போம். இந்த தபா ஒழுங்கா."

ஒழுங்காகவே செய்தேன். அந்தக் கேசட்டிலிருந்து பதினாறு துண்டுகள் எடுத்தேன். எட்டில் அந்த அம்மாளின் குரல் மட்டும், எட்டில் ஜால்ராவும் சேர்ந்து. ஒவ்வொரு துண்டும் அசலாக ஒரு முறையும் சுருக்கமாக ஒரு முறையும் வரும். எது முன்னால் என்பதைக் காசு சுண்டிப் போட்டு முடிவு செய்தேன். விடைகளை எழுதி என் பீரோவில் பூட்டினேன். சிடியை மட்டும் அவரிடம் கொடுத்தேன். வீட்டில் தனியாகக் கேட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பழுதுச் சீட்டு ஒன்றில் பேனாவால் எழுதிக் கொண்டுவந்தார். ஜால்ரா எட்டும் சரி. குரலில் எட்டுக்கு நாலு.

திருத்திய சீட்டைப் பார்த்து ஏகாம்பரம் சிரித்தார். "அவ குரல் எங்கியும் போவல சார். என் ஜால்ராதான் கொஞ்சம் கரைஞ்சிபோச்சு. போவட்டும், அவளுக்கே புடிக்காது அது."

அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெரிய பாரம் இறங்கியது என்று சொல்லி முடியாது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

காரியம் முடிந்து போனபோது முருகேசன் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தான். "அப்பா வெச்சிருந்தது சார். உங்க பேரு எழுதிகீது, இன்னான்னு தெரியல." உள்ளே அந்த ஒற்றைக் கேசட்டும், நான் திருத்திக் கொடுத்த சீட்டும் இருந்தன. சீட்டின் பின்னால், வழக்கம்போல, குண்டூசி குத்திய பென்சில் தாள். என்னிடம் திருத்தக் கொடுத்தபோது அது இல்லை, பிறகுதான் குத்தியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து என் விடைகளோடு ஒப்பிட்டேன். பென்சிலில் ஜால்ரா எட்டும் சரி. குரல் எட்டும் சரி. குரலில் நாலு விடைகளைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். பேனாவால் எடுத்து எழுதும்போது அந்த நாலை மட்டும் மாற்றியிருக்கிறார்.

எனக்கு இன்றுவரை அந்த வித்தியாசம் கேட்கவில்லை. பை கைக்கு வந்த நாளிலிருந்து தினமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவருக்குக் கேட்டது. மனைவியின் குரலில் நான் எதைத் தூக்கிப்போட்டேன் என்று தெரிந்துகொண்டே, சாகும்வரை அந்த சிடிகளைப் போட்டுக் கேட்டிருக்கிறார். எனக்கு ஆறுதல் வேண்டும் என்று தன் காதைப் பொய்யாக்கிக்கொண்டார். இப்போதுதான் ஐயா எனக்கு அழுகை வருகிறது.

பழைய சீட்டுக் கட்டில் ஒன்று மிச்சம் இருந்தது. பென்சிலில் இருந்ததை ஒன்றுகூட மாற்றாமல் அதில் பேனாவால் எடுத்து எழுதினேன். பதினாறுக்குப் பதினாறு. கீழே கையெழுத்துப் போட்டு, அவர் தாளோடு சேர்த்துக் குண்டூசி குத்தி வைத்திருக்கிறேன். நாளைக்கு எவனாச்சும் கேட்டால் சொல்ல வேண்டும் அல்லவா.

போய் வாருங்கள், ஏகாம்பரம்.