அக்கா அழுத்திய பொத்தான்

பக்கத்து அறையில் மணி ஒலித்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த தம்பி உதறிவிட்டு ஓடினான். கணினித் திரையில் வரும் பொத்தானை ஒரு நிமிடத்துக்குள் அழுத்த வேண்டும். உடனே கேமரா முகத்தைப் படம் பிடிக்கும். தவறினால் அன்றைய உழைப்பு கணக்கிலேயே வராது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களை அந்தக் காப்பீட்டு நிறுவனம் இப்படித்தான் காவல் காத்தது. கூடத்தில் மகள் முதல் அடி எடுத்து வைத்ததைக்கூட, சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவன் மனைவியின் செல்போனில்தான் பார்த்தான்.

“என்னடா, குட்டி போட்ட பூனை மாதிரி அங்கயும் இங்கயும் ஓடுற?”

அதட்டினாலும் அக்காவின் குரல் நடுங்கியது. மறுநாள் காலை அவளுக்கு ஆபரேஷன். கணவனை இழந்தவள், பிள்ளையும் இல்லை. தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“மயக்க ஊசி போடுற வரைக்கும் பக்கத்துல இருடா. எனக்குப் பயமா இருக்கு.”

அவன் பால்கனிக்குப் போய் மேலாளரை அழைத்துக் கெஞ்சினான். “சரி, நாளைக்கு ஒரு நாள் மட்டும்” என்று பதில் வந்ததும் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்லிக்கொண்டே இருந்தான்.

அந்த நேரம் பார்த்து மணி ஒலித்தது. தம்பி பேசுகிறானே என்று அக்காவே எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினாள்.

“நானே அமுக்கிட்டேன்டா! நீ நிதானமா பேசு.”

அவன் போனை வைத்துவிட்டு ஓடிவந்து கணினி முன் உட்கார்ந்தான். வைத்த போன் உடனே அலறியது. மேலாளர்தான்.

“யாருங்க அது? கஸ்டமர் விவரம் திறந்து கிடக்கு, வேற ஆள் முகம் விழுந்திருக்கு!”

“எங்க அக்கா சார்... தெரியாம...”

“அக்காவோ தங்கச்சியோ, நாளைக்குக் காலைல விசாரணை. கேமரா முன்னாடி உக்காருங்க. லீவு கேன்சல். வரலேன்னா வேலை இல்ல, அவ்வளவுதான்.”

கூடம் வரை கேட்ட குரல் அது. ‘போய்யா நீயும் உன் வேலையும்’ என்று தம்பி சொல்வான் என அக்கா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா... ஆபரேஷனை ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளேன்.”

“டாக்டர் எதுக்கு? வயித்துல இருக்கிற கட்டிகிட்டயே லீவு கேட்டுப் பாக்குறேன்.”

சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் வழிந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

“தப்பு என் மேலதான்டா. நான் எதுக்கு உன் வேலையில கை வைக்கணும்?”

“அக்கா!” என்று எழுந்தவனின் கால்கள் வாசல் வரை போகவில்லை. அவளே வெளியே போய், அவன் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல், சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.