ரெண்டு ராஜ்யமும் சனிக்கிழமை போனும்

சண்டே ஸ்கூல் வாத்தியார் வேலையில் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. ஆனால் ராஜா, தீர்க்கதரிசி, கழுதை என்று எல்லார் குரலிலும் பேசிக்கொள்ளலாம், யாரும் அதட்ட மாட்டார்கள். அதற்காகவே மேற்குத் தாம்பரத்தில் எங்கள் சபையில் பதினேழு வயதில் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். உங்களைச் சிரிக்க வைக்கப்போகிறேன், அது நிச்சயம். ஆனால் இப்போது இல்லை. மழைநாள் காலையில் நாலு பிள்ளைகளுக்கு முன்னால் பைபிளும் கையுமாக நின்ற வாத்தியார்களே, நமக்குத்தான் காத்திருந்து பழக்கமாச்சே.

குறைக்கச் சொன்னால் ஏற்றிய ராஜா

பைபிளில் ரெகொபெயாம் பட்டத்துக்கு வந்ததும் ஜனங்கள் கேட்டது ஒன்றுதான்: உங்கப்பா வைத்த பாரத்தைக் கொஞ்சம் குறையுங்கள். பெரியவர்கள் 'குறை' என்றார்கள், கூட வளர்ந்த பையன்கள் 'ஏத்து' என்றார்கள், ராஜா ஏற்றினார். பன்னிரண்டில் பத்துக் கோத்திரம் எழுந்து போய்த் தனி ராஜ்யமாகிவிட்டது. ராஜாவை நான் ரயில்வே டிக்கெட் பரிசோதகர் குரலிலும், அந்தப் பையன்களைச் சிறுசேரி ஐ.டி. கம்பெனிக்காரர்கள் குரலிலும் பேசினேன். என் நண்பன் ஸ்டீபன் ஒற்றை ஆளாகப் பத்துக் கோத்திரமாகவும் முனகினான். வகுப்பு எங்கள் ரெண்டு பேருடையது. ஒருத்தன் கேட்டால் இன்னொருத்தன் பதில்.

அந்த வருஷமே எங்கள் சபையில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள், ஆராதனையை ரெண்டு மணி நேரத்தில் முடிக்கக் கேட்டார்கள். "ரெண்டரை மணி நேரம் பாரமா இருக்கா? இனிமே மூணு" என்றார் பாஸ்டர். பாதிச் சபை தண்டவாளம் தாண்டி, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடி ஹாலுக்குப் போய்விட்டது. முதல் வரிசைப் பெனிட்டா, வயது ஏழு, கையைத் தூக்கினாள்: "அண்ணா, பாஸ்டர் இந்தப் பாடம் படிக்கலையா?"

பக்கத்திலேயே ஒரு கன்றுக்குட்டி

பிரிந்துபோனவர்களுக்கு ராஜாவான யெரொபெயாமுக்கு ஒரு பயம். ஜனங்கள் ரெகொபெயாம் பக்கத்து எருசலேம் ஆலயத்துக்குப் போய்ப் போய் வந்தால் மனசும் அங்கேயே தங்கிவிடுமே. அதனால் பக்கத்திலேயே கும்பிடப் பொன் கன்றுக்குட்டி செய்து வைத்து, அவ்வளவு தூரம் ஏன் சிரமப்படுகிறீர்கள் என்றான். கிழக்கு ஹாலிலும் நாங்கள் மணியடிக்கிற அதே நேரத்துக்கு ஒரு சண்டே ஸ்கூல் ஆரம்பித்தார்கள். முடிவில் முட்டை பப்ஸ்.

ஸ்டீபனின் அப்பா அந்தப் பக்கம் போனார், ஸ்டீபனும் போனான். நான் ரெண்டு ராஜாவுக்கும் ஒரே ஆளானேன். ரெகொபெயாமின் யூதா பேச வலதுபக்கம் நிற்பேன், யெரொபெயாமின் இஸ்ரவேல் பேச இடதுபக்கம் ஓடுவேன். ஒரு ஞாயிறு யெரொபெயாமை அப்படியே ஸ்டீபன் குரலில் இழுத்து இழுத்துப் பேசிப் பார்த்தேன். அத்தனை கச்சிதமாக எனக்கு எந்தக் குரலும் வந்ததில்லை. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. பாய் சுருட்டும்போது பெனிட்டா சொன்னாள்: "ஸ்டீபன் அண்ணா மாதிரி பேசாதீங்கண்ணா. நான் வாசலைத் திரும்பிப் பாத்துட்டேன்."

சண்டை இல்லை, பேச்சும் இல்லை

பிரிந்தவர்கள்மேல் படையெடுக்க ரெகொபெயாம் கிளம்பினபோது, அவர்கள் உங்கள் சகோதரர், போகாதேயுங்கள் என்று தீர்க்கதரிசி மூலம் வார்த்தை வந்தது. படை வீட்டுக்குத் திரும்பியது. விசுவாசிகளான நாம் இதோடு பாடம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். சண்டை போடாமல் திரும்பியவர்கள் சகோதரனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினார்களா என்று யாரும் கேட்பதில்லை.

நான் பேச நினைத்து ஸ்டீபன் வீட்டுக்குப் போன் போட்டேன். அவன் அப்பா எடுத்தார். ஆராதனை முடிந்தால் என்னையும் இழுத்துக்கொண்டு போய் மட்டன் குழம்பு ஊற்றுகிற மனுஷர். என் பேரைச் சொன்னேன். அவர் சொன்னார்: "ராங் நம்பர் தம்பி."

மூப்பர் பேசுகிறார்

அடுத்த சனிக்கிழமை கிழக்குச் சபைக்குத் தலைவராகிவிட்ட ஜேக்கப் மூப்பரின் குரலில் கூப்பிட்டேன். ரொம்பச் சுலபமான குரல். ரெண்டு வார்த்தைக்கு ஒரு கனைப்பு. அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது, அப்பா எழுந்து நின்றுவிட்டார். "டேய் ஸ்டீபா, மூப்பர்டா, வாயில இருக்கறதை முழுங்கிட்டு வா." ஸ்டீபன் வந்து, "ஸ்தோத்திரம் ஐயா" என்றான். நாளைக்கு என்ன பாடம் என்று கேட்டேன். சொன்னான். நானும் அதையே இங்கே நடத்தினேன். அப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் மூப்பர் பேசினார்.

கடைசியாகப் பேசினபோது பாடம், யெரொபெயாமின் மனைவி வேஷம் மாறி அகியா தீர்க்கதரிசியிடம் போனது. "அவருக்குக் கண்ணு தெரியாதுங்க ஐயா. ஆனா வாசப்படியில காலடிச் சத்தம் கேட்டதுமே யாருன்னு சொல்லிட்டாரு" என்று ஆசையாக விளக்கினான். நான் கனைத்துக்கொண்டேன். பிறகு, "தனியா நடத்தறது கஷ்டமா இருக்குங்க ஐயா. எதுத்து கேள்வி கேக்க ஆள் இல்ல" என்றான். ஜெபம் பண்ணலாம் என்றேன். எந்த மூப்பரும் ஜெபிக்காமல் போனை வைப்பதில்லை. அவன் படிப்புக்கு ஜெபித்தேன், அவன் அப்பாவின் முழங்கால் வலிக்கு ஜெபித்தேன், அந்த வேகத்தில் மேற்குச் சபைக்கும் அதன் பாஸ்டருக்கும், அங்கே மிச்சமிருக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்து ஜெபித்து ஆமென் சொன்னேன்.

அவன் ஆமென் சொல்லவில்லை. ரிசீவரோடு வாயை ஒட்டவைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "டேய், எங்க மூப்பர் உங்க பாஸ்டருக்காக ஜெபம் பண்ணவே மாட்டார்டா. அப்பா ஹால்லதான் இருக்கார், வெச்சிடாத, மூப்பராவே பேசு."

பிரிந்த ராஜ்யங்களிலிருந்து விசுவாசிகளுக்கு நான் கண்ட பாடம் இவ்வளவுதான்: எந்தக் குரலில் வேண்டுமானாலும் பேசித் தப்பிக்கலாம், அந்தப் பக்கத்துக்காரருக்காக ஜெபித்தால்தான் மாட்டிக்கொள்வோம்.