சாயந்தர மருந்து

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளைக்கு மருத்துவமாதுவாக மாற்றலாகி வந்த புதிது. இரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் போகும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டம் என் பொறுப்பில் இருந்தது. குழந்தைகளை நிறுக்கும் தராசு எப்போதும் என் பையில் கிடக்கும். என் அடையாள அட்டையையும் அந்தத் தராசையும் மாறி மாறிப் பார்க்கும் சோதனைச்சாவடிச் சிப்பாய்களுக்கு விளக்கம் சொல்லியே என் சிங்களம் தேறிவிட்டது.

அந்தத் தோட்டத்தில் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் குடிக்கிறார்கள், பேசிப் பழக்கத்தை விடச் செய்யுங்கள் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் பெண்களைக் கூட்டினேன். "ஆராவது சாராயம் குடிக்கிறனீங்களோ?" என்று கேட்டேன். முதலில் என் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். பிறகு, இல்லவே இல்லை என்று ஒரே குரலில் சொன்னார்கள். மேலிடத்துக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

அடுத்த வாரம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுப் பெண் ஏழு மாதக் கர்ப்பிணி. முதல் பிள்ளை மிகவும் சிறியதாகப் பிறந்து, தங்காமல் போயிருந்தது. இதுவாவது நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று அவளும் புருஷனும் கும்பிடாத சாமி இல்லை.

கொழுந்தெடுத்துவிட்டு மழையில் நனைந்து அப்போதுதான் வந்திருந்தாள். புருஷன் ஒரு கிளாஸில் எதையோ ஊற்றி, மிளகுத்தூள் போட்டுக் கலக்கி அவள் கையில் கொடுத்தான். வாசனை வாசல்வரை வந்தது. என்ன அது என்று கேட்டேன்.

"மருந்துங்க மிஸ். குளிருக்கு நல்லது. வயித்துல உள்ள புள்ளைக்கும் தெம்புங்க," என்றான் பெருமையாக.

சாராயமேதான். ஆண்கள் குடித்தால் அது சாராயம், பெண்களுக்கு ஊற்றினால் மருந்து. பிரசவத்துக்குப் பிறகும் அதே மருந்துதான். அன்றைக்குக் கூட்டத்தில் யாரும் பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்கத் தெரியாமல் கேட்டிருக்கிறேன். இவனோ தனக்கு வாங்குவதில் பாதியை அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய தியாகம்.

நாக்கு நுனிவரை வந்த திட்டை விழுங்கிக்கொண்டேன். "தம்பி, இவ குடிக்கிறதெல்லாம் பிள்ளைக்கும் போகும். பிள்ளை வடிவா வளராது," என்றேன்.

அவன் கிளாஸைப் பார்த்தான். அவள் வயிற்றைப் பார்த்தான். "அப்ப, புள்ளையும் குடிக்குதுங்களா?"

ஓம், பிள்ளையும்தான் குடிக்குது என்றேன். அவள் மெதுவாகக் கேட்டாள்: "மொத புள்ளையும் இதனாலதானுங்களா மிஸ்?"

எதனால் என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியாது, இந்தப் பிள்ளையைப் பார்ப்பம் என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தாள். கீழே ஊற்ற மனம் வராமல் அவனே அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டான். மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் ஒரு சிரிப்போடு விட்டுப்போகிற பழக்கமா அது? அவளுக்கு இரவில் தூக்கம் வரவில்லை. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். நான் வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்ததுபோல அடிக்கடி போய் உட்கார்ந்துகொள்வேன். மிளகுச் சாராயத்துக்குப் பதில் கொத்தமல்லியும் இஞ்சியும் கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொன்னேன். அடுப்புப் பக்கமே போகாத மனிதன் அதைக் கற்றுக்கொண்டான். ஒரு மழை நாளில் மனம் தடுமாறிக் கொஞ்சம் குடித்துவிட்டதாக அவளே வந்து சொல்லி அழுதாள். வந்து சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது. அதன் பிறகு அவள் தொடவில்லை.

மாத்தளை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்ததும் என் தராசில் நானும் ஒருமுறை நிறுத்துப் பார்த்தேன். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்து எனக்கு ஆட வேண்டும்போல இருந்தது.

அன்று பிள்ளை பார்க்க லயமே திரண்டு வந்தது. உக்குவளையிலிருந்து வந்த அவளுடைய சித்தி, பிள்ளை பெற்ற உடம்புக்கு என்று சேலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு போத்தலை எடுத்தாள். ஆசையாகக் கொண்டுவந்ததை எல்லோர் முன்னாலும் எப்படி மறுப்பாள்? நான் வாய் திறப்பதற்குள் அவள் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னாள்:

"வேணாம் சித்தி. நான் குடிச்சா பாலு வழியா இவளும் குடிப்பா. எங்க வீட்டுல பொம்பளப் புள்ளைங்க குடிக்கிறதில்ல."

லயமே சிரித்தது. சித்திதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். புருஷன் கொத்தமல்லித் தண்ணீரை எடுத்துக்கொண்டு அசடு வழிய உள்ளே வந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் மாதக்கணக்கில் சொன்னதை அவள் ஒரே மூச்சில், ஒருவர் மனமும் நோகாமல் சொல்லி முடித்துவிட்டாள். அன்று என் மனதில் நிறைந்த சந்தோஷம், ஓய்வு பெற்ற பிறகும் இன்னும் குறையவில்லை.